பாலம் பிடித்து வைத்த நிழல்

வெல்கோ கர்த்தாலொவுக்கு நிழல் இல்லாமல் போனது, துருக்கியர் பல்கேரியாவை விட்டுப் போவதற்கு ஐந்து வருடம் முன்பு, ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணி வாக்கில். அன்று வெர்போவா சந்தையில் ஒரு கூடை செர்ரி இரண்டு குருஷுக்குப் போனது. நிழலை எடுத்தவர் மேஸ்திரி ட்ரென்டாஃபில். கெட்ட மனிதர் அல்ல. தேவாலயம் தவறாதவர், சுண்ணாம்பில் மண் கலக்காதவர். எடுத்ததற்கு அவரிடம் காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு அவரைத் திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் ஊரே முழித்தது.

யாஸெனா ஆற்றின் மேல் அவர் கட்டிய பாலம் இரண்டு முறை விழுந்திருந்தது. கல்லில் குறையில்லை, வளைவில் குறையில்லை. மூன்றாவது தூண் மட்டும் நிற்க மறுத்தது. இன்னொரு தடவை விழுந்தால் கொத்தனார்கள் அத்தனை பேரையும் கோட்டைச் சிறையில் போடுவதாகத் துருக்கி அதிகாரி சொல்லியனுப்பினார். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். காலையில் அந்தப் பக்கமாக முதலில் வருகிற ஆளின் நிழலை, அவர் அறியாமல், தலை முதல் கால் வரை சிவப்பு நூலால் அளப்பார்கள். அந்த நூலைத் தூணுக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். கட்டடம் அசையாமல் நிற்கும். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளில் செத்துப்போவார். அவருடைய ஆவி கட்டடத்துக்குக் காவலிருக்கும். அதனால் எங்கள் ஊரில் நன்றாக நிற்கிற பாலத்தை யாரும் வாய்விட்டுப் புகழ்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் வந்துகொண்டிருந்தவள் மேஸ்திரியின் மனைவி நெதெல்யா. தலையில் பீன்ஸ் குழம்புச் சட்டி, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. தூரத்தில் அவளுடைய சிவப்பு முன்றானையைக் கண்டதும் மேஸ்திரிக்குக் கையில் இருந்த நூல் பாம்பாகிவிட்டது. பக்கத்தில் கல் சுமக்கும் கூலியாக வெல்கோ நின்றிருந்தான். உண்மையில் அவன் கூலி இல்லை. இருபத்தொரு வயதுப் புரட்சிக்காரன், சுல்தான் அவன் தலைக்கு விலை வைத்திருந்தார். மூன்று மாதமாக மேஸ்திரி வீட்டு நிலவறையில், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன், மூச்சுமுட்டுகிறது என்று வேலைக்கு வந்திருந்தான். "தம்பி, அந்தக் கல்லு ஓரமா கொஞ்சம் வெயில்ல நில்லு, அளவு பாக்கணும்" என்றார் மேஸ்திரி. அவன் நின்றான். அவர் குனிந்து அளந்தார், நூலை அறுத்தார், கல்லுக்குள் வைத்துப் பூசினார். நெதெல்யா சட்டியை இறக்கும்போது சுண்ணாம்பு இறுகத் தொடங்கியிருந்தது.

மேஸ்திரியால் அன்று ஒரு கவளம்கூட இறக்க முடியவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டாள். சொன்னார். நெதெல்யாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"அட பாவி மனுசா! நம்ம வீட்டு உப்பத் தின்னவனாச்சே! நம்ம கூரைக்குக் கீழ படுத்தவனாச்சே!"

"இல்லன்னா நூலு உனக்கு வந்திருக்கும்டி. உள்ள ஒண்ணு இருக்கே, அதுக்கும் சேத்து."

"எனக்கே வந்திருக்கலாம்."

"உனக்கு வந்திருந்தா நான் இப்ப யார்கிட்ட பேசிட்டிருப்பேன்?" என்று கேட்டுவிட்டு மேஸ்திரி அழ ஆரம்பித்தார். நெதெல்யா அழவில்லை. கீழே நிலவறையில் வெல்கோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. 

அவள் நாள் எண்ணினாள். நல்லதையெல்லாம் அவனுக்கே பரிமாறினாள். வெண்ணெய், தேன், கணவனுக்குக்கூடக் காட்டாத புகைபோட்ட இறைச்சி. சாகப்போகிறவன் நாற்பது நாளில் ஆறு கிலோ ஏறினான். நாற்பதாம் நாள் அவன் ஏப்பம் விட்டபடி, "அக்கா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டான். கொத்தனார்கள் கூடிப் பேசி விளக்கம் கண்டுபிடித்தார்கள்: முறைப்படி அளக்கவேண்டியது வழிப்போக்கனை, மேஸ்திரி அளந்ததோ வேலையாளை. அதனால் காரியம் பாதிதான் நடந்திருக்கிறது. நிழல் போய்விட்டது, சாவு வரவில்லை. நூல் உள்ளே இருக்கும்வரை அந்தச் சாவு வாசலில் காத்திருக்கும், உள்ளே வராது என்றார்கள். தொழிலில் செய்த ஒரு தப்பு ஒருவனைச் சாகாதவனாக்கியது எங்கள் வட்டாரத்தில் அதுவே முதல் தடவை.

பாலம் நின்றது. கட்டி முடித்த மறுநாளிலிருந்து மூன்றாவது தூணுக்கு மேலே, ஆளில்லாமல் ஒரு நிழல் கிடந்தது. ஆட்டுத்தோல் தொப்பி, ஒல்லித் தோள்கள், கால்சட்டைப் பையில் கைகள். வெயிலோடு வந்து வெயிலோடு போகும். முதல் வாரம் மாடுகள் அதைத் தாண்ட மறுத்தன. பிறகு நாய்கள் அதன் குளுமையில் படுத்துக்கொண்டன, மிளகாய் விற்கிற பெண்கள் கூடையை அங்கே வைத்துக்கொண்டார்கள். நெதெல்யா கடக்கும்போது மட்டும் அது தொப்பியைக் கழற்றும். 

வெல்கோ அந்த இலையுதிர் காலத்தில் மலைக்குப் போனான். அதன்பின் அவனைத் துருக்கியர் நான்கு முறை சுட்டார்கள், ஒரு முறை தூக்கில் போட்டார்கள். குண்டுகள் அவனைக் கடந்து பின்னால் இருந்த மரத்தில் பட்டன, கயிறு அவிழ்ந்தது. நிழலில்லாத ஆளைக் குறிபார்க்க முடியவில்லை என்று ஒரு துருக்கிச் சிப்பாய் பிற்பாடு சாட்சி சொன்னான். கடவுள் தன்னை இந்த நாட்டுக்காகப் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்று வெல்கோ நம்பினான், நாடும் நம்பியது. போர் வந்தது, துருக்கியர் போனார்கள். வெல்கோ இருபத்தாறு வயதில் நாடாளுமன்றம் போனான், முப்பத்து மூன்றில் பிரதமரானான். அன்றிலிருந்து ஊர் அவரை 'அவர்' என்றது; பதவிக்கு அந்த மரியாதை உண்டு. மேஸ்திரி ட்ரென்டாஃபில் இதையெல்லாம் பார்க்கவில்லை. அதற்கு முன்பே சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

கர்த்தாலொவ் ரயில் பாதை போட்டார், துறைமுகம் கட்டினார், பள்ளிக்கூடங்களுக்கு ஓடு வேய்ந்தார். துருக்கியிடமிருந்து நம்மை விடுவித்த ரஷ்யா, விடுவித்த கையோடு நம் கழுத்தைப் பிடிக்க வந்தபோது, அந்தக் கையைத் தட்டிவிட்டதும் அவர்தான். இதெல்லாம் உண்மை. தன்னோடு மலையில் ஒரே போர்வையில் படுத்த தோழர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார். பத்திரிகைகளை மூடினார். சோபியா காவல் நிலையங்களில் மணல் மூட்டையால் அடிக்கும் முறை அவர் காலத்தில்தான் வந்தது; தழும்பு தெரியாது, ஆள் மூன்று மாதத்தில் ரத்தம் கக்கிச் சாவான். இதுவும் உண்மை. வெர்போவாவில் பாதிப் பேர் அவர் படத்தைச் சுவரில் மாட்டினார்கள், பாதிப் பேர் அதே பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார்கள். ஒரே வீட்டில் இரண்டும் நடந்ததுண்டு. அவரைக் கொல்ல மூன்று முறை முயன்றார்கள். குண்டுகள் அவரைக் கடந்து பக்கத்தில் இருந்தவர்கள் மேல் பட்டன. ஒரு நிதியமைச்சர், ஒரு வண்டிக்காரன், சும்மா வணக்கம் சொல்ல வந்த ஒரு பல் வைத்தியர் என மூன்று பேர் செத்தபின் அவரோடு சேர்ந்து நடக்க யாரும் துணியவில்லை. பாலத்தின் மேலிருந்த நிழலுக்கு மட்டும் இன்னும் இருபத்தொரு வயதுதான்.

நெதெல்யாவின் வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்து, ராஷ்கோ என்று பெயர் பெற்று, படித்து, இருபது வயதில் வெர்போவாப் பள்ளியில் வாத்தியாராகியிருந்தான். மே மாதத்தில் அவனைக் கைது செய்தார்கள். பிரதமரைக் கொல்லச் சதி என்று நாற்பத்தோரு பேர் மேல் வழக்கு, அதில் ராஷ்கோ பதினேழாவது ஆள். விசாரணை ஒன்றரை நாள் நடந்தது. ஜூன் இருபத்தைந்தாம் தேதி நண்பகலில் எல்லோரையும் சுடுவதென்று தீர்ப்பு. செய்தியைத் தபால்காரர் கொண்டுவந்தார். நெதெல்யா அதை நின்றபடியே படித்துவிட்டு, அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். மறுநாள் காலை கர்த்தாலொவ் போட்ட ரயிலில் ஏறி சோபியாவுக்குப் போனாள்.

அவர் அவளைக் காக்கவைக்கவில்லை. அறைக்கு வெளியே வந்து, நாற்பது மந்திரிசபை ஆட்கள் பார்க்க, அவள் கையை முத்தமிட்டார். ரோஜா ஜாமும் தண்ணீரும் காப்பியும் வரவழைத்தார். உடம்பு பெருத்து, மீசை நரைத்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து மேஜைக்கும் மைக்கூட்டுக்கும் நாற்காலிக்கும் நிழல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை.

"வெல்கோ தம்பி, எம் புள்ளைய விட்டுடு."

"அக்கா, உங்க வீட்டு நிலவறை இல்லன்னா நான் இல்ல. வீடு கேளுங்க, நிலம் கேளுங்க. இத மட்டும் கேக்காதீங்க."

"எனக்கு நிலத்த வெச்சு என்ன செய்ய? அதுல அவனப் புதைக்கவா?"

"ஒருத்தன விட்டா நாளைக்கு ஒம்பது பேரு துப்பாக்கியோட வருவானுங்க. நாட்டப் பாக்கணும்க்கா. என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது நெதெல்யாவுக்குத் தெரிந்தது, அதுதான் அவளைக் குலைத்துப்போட்டது. அப்போதுதான், இருபது வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பினாள். பாலம், நூல், தன் சிவப்பு முன்றானை, மூன்றாவது தூண் என்று எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

கர்த்தாலொவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.  "கடவுள் என்னத் தேர்ந்தெடுத்தாருன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றார். "ஒரு கொத்தனாரா?"

"நூல எடுத்தா நாப்பது நாள்ல நீ செத்துருவே. எடுக்கத்தான் போறேன், தம்பி. இல்ல, எம் புள்ளைய விடு."

அவர் எழுந்து மணி அடித்தார். அவள் காதுபடவே, யாஸெனா பாலத்தின் மூன்றாவது தூணைச் சுற்றி ஒரு படைப்பிரிவை நிறுத்தும்படியும், உளியோடு யார் நெருங்கினாலும் சுடும்படியும் உத்தரவிட்டார். பிறகு அவளுக்கு முதல் வகுப்பில் சீட்டு எடுக்கச் சொல்லி, வழியில் தின்ன ஒரு பெட்டி லோகும் மிட்டாய் கொடுத்தனுப்பினார். பெட்டியை அவள் ரயில் ஜன்னல் வழியாக வீசினாள்.

வெர்போவாவில் இருநூறு சிப்பாய்கள் பாலத்தின் மேலும் கீழும் நின்றார்கள். நெதெல்யாவிடம் உளி இல்லை. நடுப்பகலில் பாலத்தின் முனைக்கு வந்தாள். நிழல் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றியது. ஒரு நிழலோடு பேசுவதைத் தடுக்கச் சிப்பாய்களுக்கு உத்தரவு இல்லாததால் அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ அவன் இல்ல, எனக்குத் தெரியும்," என்றாள். "நீ எங்க வீட்ல தங்கின பையன். உன் ஆளு இப்ப என் மகனச் சுடப்போறான். இருபத்தஞ்சாம் தேதி. நான் யார்கிட்டப் போவேன், சொல்லு."

நிழல் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டது. பிறகு முழந்தாளிட்டு, கல்லுக்குள் தோள்வரை கையை விட்டு, நூலை இழுத்தது. வெளியே வந்த நூல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. பாலம் கிழட்டு எருமை படுப்பதுபோல முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் மடிந்து ஆற்றில் இறங்கியது. சிப்பாய்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள், யாருக்கும் அடியில்லை. நிழல் நூலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சோபியா சாலையில் நடக்க ஆரம்பித்தது. அப்போது தேதி ஜூன் பதினைந்து.

நிழலால் வெயிலில் மட்டுமே நடக்க முடியும். மலைப்பாதையில் இரண்டு நாள் மூடுபனி. கணவாயில் மூன்று நாள் விடாத மழை. நெதெல்யா வெர்போவாவில் வாசலில் நின்று வானத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள், பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டார். தந்தி அலுவலகங்கள் ஒவ்வொன்றும் தகவல் அனுப்பின: நிழல் ஒன்று பதினொரு மணிக்குக் கடந்தது, தொப்பி உண்டு, ஆள் இல்லை. இரண்டு இடத்தில் அதைச் சுட்டார்கள். சாலையில்தான் குழி விழுந்தது. கர்த்தாலொவ் அலுவலகத்தின் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடச் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி காலை பதினொன்றரைக்கு, காப்பி கொண்டுவந்த பணியாள் கதவைத் திறந்தான். அவன் காலடி வெளிச்சத்தோடு நிழலும் உள்ளே போனது.

பிறகு நடந்ததை அந்தப் பணியாளும் இரண்டு எழுத்தர்களும் பார்த்தார்கள், மூவர் சொன்னதும் ஒன்றுதான். நிழல் பிரதமரின் காலில் ஒட்டிக்கொண்டது. மனிதன் அசைந்தால் நிழல் அசையும் என்பது உலக வழக்கம்; அன்று நிழல் அசைந்தது, மனிதர் அசைந்தார். சுவரில் நிழல் பேனாவை எடுத்தது, மேஜையில் அவர் கை பேனாவை எடுத்தது. "மாட்டேன்! நாடு போயிடும்டா, முட்டாளே, நாடு போயிடும்!" என்று அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, கை நாற்பத்தோரு பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதி, விடுதலை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டது. தந்தி பாசறையை எட்டியபோது மணி பன்னிரண்டாக நான்கு நிமிடம். ராஷ்கோவின் கண்ணில் துணி கட்டியிருந்தார்கள்.

மறுவாரம் கர்த்தாலொவ் பதவி விலகினார். காவலில்லாமல் சோபியாத் தெருக்களில் நடந்தார், நிழலோடு. தான் சுட்டவர்களின் வீடுகளுக்குப் போய் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றார். சில வீடுகளில் ராக்கியா சாராயம் கொடுத்தார்கள், சில வீடுகளில் மேலே தண்ணீர் ஊற்றினார்கள். நூல் வெளியே வந்த நாளிலிருந்து நாற்பதாவது நாள், நண்பகலில், கடைத்தெரு நடுவில் மூன்று பேர் நீளக் கத்திகளோடு வந்தார்கள். அவர் சட்டைப் பையில் கைத்துப்பாக்கி இருந்தது, எடுக்கவில்லை. மூன்று பேரும் தப்பிவிட்டார்கள். உடலைப் பார்வையிட்ட மருத்துவர், வெட்டுகள் பதினேழு, நிழல் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

செய்தி கேட்டு நெதெல்யா கருப்பு உடுத்தினாள். அக்கம்பக்கத்தார், "உன் புள்ளையக் கொல்லப் பாத்தவனுக்கா?" என்று கேலி செய்தார்கள்.  ஆறாம் நாள் மதியம், சிறையில் பட்ட அடிக்குச் சோபியாவில் சிகிச்சையில் இருப்பதாகச் சொல்லியிருந்த ராஷ்கோ வீட்டுக்கு வந்தான். அவள் கதவைத் திறந்தாள், மகனைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள், நீட்டிய கை அப்படியே நின்றது. வெயில் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து வீட்டுக்குள் நீண்டு இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்றுக்குத் தொப்பி இருந்தது.

 நெதெல்யா தொப்பி வைத்த நிழலைக் காட்டிக் கேட்டாள்.

"நீயாடா?"

ராஷ்கோ தரையைப் பார்த்தான். அவனுக்கும் அது ஆறு நாளாகத் தெரியும். "அவன் என் கூட்டாளிங்க எத்தன பேரச் சுட்டான்னு உனக்குத் தெரியும்லம்மா. உனக்கு அவன் தம்பி. எனக்கு இல்ல."

"உன்ன விட்டவன்டா அவன்!"

"கை விட்டுச்சு. அவன் விடல. 'மாட்டேன் மாட்டேன்'னு கத்திட்டேதான் எழுதினானாம். ஊரே சொல்லுது."

 அந்தப் பேச்சை வைத்து வெர்போவாவில் இன்றுவரை சண்டை நடக்கிறது. தன் வீட்டு உப்பைத் தின்ற ஒருவனுக்குக் கணவன் ஒரு முறையும் மகன் ஒரு முறையும் சாவு கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டுமே அவள் மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. மகனை அடித்தாள், இரண்டு கையாலும், மார்பிலும் முகத்திலும். பிறகு அவன் உயிரோடு இருப்பதை நினைத்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தரையில் ஒரு நிழல் குலுங்கியது, மற்றது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஆற்றுக்கு இரும்புப் பாலம் வந்தது. ராஷ்கோ கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்து, பிறகு தேர்தலில் நின்று, நாற்பது வயதில் அமைச்சரானார். அவருக்கு இரண்டு நிழல் என்பது சோபியாவில் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு ஒரு கால் குட்டை இல்லையா, அதுபோல. புகைப்படக்காரர்கள் அவரைச் சுவருக்குத் தள்ளி நிறுத்துவார்கள். விடுமுறைக்கு அவர் வெர்போவா வரும்போது கிழவியாகிவிட்ட நெதெல்யா தானே எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். முதலில் தரையைப் பார்த்து, "வாப்பா, உள்ள வா, வெயில்ல நிக்காத" என்பாள். மகனை அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.